சிங்கப்பூர் ஆற்றங்கரை: தொழிற்களம் காட்சிக்களமான வரலாறும் தமிழர் தடங்களும்

முன்னுரை

சிங்கப்பூர் ஆறு மிகச் சிறியது. கிம் செங் பாலத்திலிருந்து கடல்வாய் வரை ஏறத்தாழ 3 கிலோமீட்டர் நீளமே உடையது. எனினும், 1819ஆம் ஆண்டு முதல் ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக அந்நகரின் வணிக வாழ்வு இவ்வாற்றோடு பிணைந்திருந்தது. கிட்டங்கிகளும் ஆலைகளும் படகுகட்டும் தளங்களும் நிறைந்திருந்த இக்கரைகள், 1977ஆம் ஆண்டிற்கும் 1994ஆம் ஆண்டிற்கும் இடைப்பட்ட குறுகிய காலத்தில் உணவகங்களும் விடுதிகளும் நடைபாதைகளும் கொண்ட காட்சிக்களமாக மாறின. நகர மையத்தை அடுத்துள்ள பழைய தொழிற்பகுதியொன்றை மறுசீரமைத்தமைக்கு உலகெங்கும் எடுத்துக்காட்டாகக் கூறப்படும் நிகழ்வு இது.

இம்மாற்றத்தைச் சுற்றுச்சூழல் வெற்றியாகவும் நகரமைப்பு வெற்றியாகவும் காணும் நூல்கள் பல உள. அவ்வெற்றியை மறுப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. மறுசீரமைப்பில் எவை காக்கப்பட்டன, எவை காக்கப்படவில்லை, அத்தெரிவினால் அங்கு உழைத்த சமூகங்களின் வரலாறு எவ்வாறு மாற்றம் பெற்றது என்பவற்றைத் தமிழர் தடங்களை முன்வைத்து ஆராய்வதே இதன் நோக்கமாகும்.

1. சதுப்பு நிலம் துறையான வரலாறு

1819ஆம் ஆண்டு ராஃபிள்ஸ் வந்திறங்கியபோது ஆற்றின் வடகரை ஓரளவு மேட்டு நிலமாகவும் தென்கரை சதுப்பாகவும் இருந்தன. வடகரையை அரசாங்கக் கட்டடங்களுக்கென ஒதுக்கிய ராஃபிள்ஸ், தென்கரையை வணிகத்திற்கென வகுத்தார். 1822இல் இன்றைய ராஃபிள்ஸ் பிளேஸ் பகுதியில் இருந்த சிறு குன்று வெட்டப்பட்டு, அம்மண்ணால் தென்கரைச் சதுப்பு நிரப்பப்பட்டது. அவ்வாறு எழுந்த துறையே போட் கீ ஆகும். 1842 அளவில் அதன் கட்டுமானம் முழுமை பெற்றது. ஆறு வளையும் இடத்தில் அமைந்த அத்துறையைக் கெண்டை மீனின் வயிறாகக் கண்ட சீன வணிகர், அவ்வடிவம் செல்வம் சேர்க்கும் என நம்பினர். 1860களில் நகரின் கப்பல் வணிகத்தில் முக்கால் பங்கு இக்கரையிலேயே நடைபெற்றது.

இத்தொடக்கக் காலத்திலேயே கரையைத் திருத்துவதற்குத் தொன்மைச் சான்றொன்று பலியாயிற்று. ஆற்று வாயிலில் நின்ற பெரும் மணற்பாறையில் ஏறத்தாழ 50 வரிகள் கொண்ட கல்வெட்டு இருந்தது. 1843இல் ஆற்று வாயிலை அகலப்படுத்தும் பணியின்போது அது வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது. தப்பிய துண்டொன்று தேசிய அரும்பொருளகத்தில் உள்ளது. அதிலுள்ள எழுத்துகள் இன்றளவும் உறுதியாகப் படிக்கப்படவில்லை. அண்மையில் அதன் ஒரு பகுதியைச் சோழர் பட்டப்பெயரான பரகேசரிவர்மன் என்பதோடு தொடர்புபடுத்தும் கருத்தும் முன்வைக்கப்பட்டுள்ளது. அக்கருத்து நிலைபெறுமா என்பது வேறு வினா. அவ்வினாவிற்கு விடை தரக்கூடிய கல் இன்று நம்மிடம் முழுமையாக இல்லை என்பதே இங்குக் கருதத்தக்கது. கரையை மாற்றுவோர் தம் காலத் தேவையை மட்டும் நோக்கினால் பிற்காலத்தார் இழப்பது யாது என்பதற்கு இதுவே முதற்சான்று.

2. சூலியாத் தோணிக்காரர்

1824ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சிங்கப்பூரின் மக்கள்தொகை 10,683. அவர்களுள் இந்தியர் 756 பேர். எண்ணிக்கையில் சிறியதாயினும் இக்குழு ஆற்றங்கரைத் தொழிலில் இன்றியமையாத இடம் பெற்றிருந்தது. 1822-23இல் வகுக்கப்பட்டு லெப்டினன்ட் ஜாக்சன் பெயரால் வழங்கும் நகர வரைபடத்தில், ஆற்றின் தென்கரை மேற்பகுதியில் சூலியா கம்போங் என ஓரிடம் குறிக்கப்பட்டுள்ளது. சோழமண்டலக் கரையிலிருந்து, குறிப்பாக நாகூர், நாகப்பட்டினம், காரைக்கால் முதலிய துறைகளிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்களே பெரும்பாலும் சூலியாக்கள் என அழைக்கப்பட்டனர்.

பெருங்கப்பல்கள் ஆற்றுக்குள் நுழைய இயலா. அவை கடலில் நங்கூரமிட்டு நிற்க, சரக்குத் தோணிகள் அவற்றை அணுகிப் பொதிகளை ஏற்றிக்கொண்டு, ஓதம் ஏறும் நேரம் பார்த்து ஆற்றுக்குள் வரும். கரையோரத்தில் தோணிக்கும் படிக்கட்டுக்கும் இடையே பலகை இடப்படும். அதன்மேல் மூட்டை சுமந்து கூலியாட்கள் நேரே கிட்டங்கிக்குள் செல்வர். அங்கிருந்து உள்ளூருக்குச் சரக்கைக் கொண்டு சென்ற மாட்டு வண்டிகளுள் பெரும்பாலானவை தமிழர் வசமிருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இத்தோணித் தொழிலில் மேலோங்கியிருந்தவர்கள் சூலியாக்களே. இத்தோணியைக் குறிக்கும் 'தொங்காங்' என்னும் சொல் தமிழில் 'தொங்கான்' என வழங்கியது. ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' நாவலைப் படித்தோர்க்கு அச்சொல் புதியதன்று.

நூற்றாண்டின் பிற்பாதியில் இந்நிலை மாறியது. போட் கீயின் வணிக நிறுவனங்கள் பெரும்பாலும் சீனர் உடைமையாக, அவர்தம் சரக்கு அவர்தம் மொழிக்குழுவினரின் தோணிகளுக்கே சென்றது. ஆற்றின் கீழ்ப்பகுதியில் ஹொக்கியன் மக்களும் மேற்பகுதியில் தியோச்சு மக்களும் தோணித் தொழிலைக் கைக்கொண்டனர். 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டதும் நீராவிக் கப்பல்கள் பெருகின. தஞ்சோங் பகார், கெப்பல் துறைமுகப் பகுதிகளில் சுமைப்பணிக்குத் தமிழ்த் தொழிலாளர் பெருந்தொகையாகச் சென்றனர். எனவே, ஆற்றிலிருந்து தமிழர் விலகியது 1980களின் மறுசீரமைப்பினால் அன்று. அதற்கு ஒரு நூற்றாண்டு முன்னரே அது வணிக மாற்றத்தினால் நிகழ்ந்தது. இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் கொள்ளாவிடில் பிற்காலத் திட்டத்தின்மேல் பொருந்தாக் குறை சுமத்த நேரிடும்.

3. கிட்டங்கியும் பெட்டியடியும்

தோணிக்காரர் விலகிய பின்னரும் ஆற்றங்கரை வணிகத்தில் தமிழர் பங்கு வேறு வடிவில் நீடித்தது. போட் கீக்குச் சில நிமிட நடைத் தொலைவில் இருந்த மார்க்கெட் ஸ்திரீட், நகரத்தார் கிட்டங்கிகளின் தெருவாகும். கிட்டங்கி என்பது இங்குச் சரக்கறையை மட்டும் குறிக்கவில்லை. நீண்ட கூடமொன்றில் பல நிறுவனத்தார் ஆளுக்கொரு பெட்டியடி அமைத்துத் தரையில் அமர்ந்து கொடுக்கல் வாங்கல் நடத்துவர். இரவில் அங்கேயே உறங்குவர். உணவும் பொதுவில் சமைக்கப்படும். குறிப்பிட்ட ஆண்டுகள் கொண்ட ஒரு 'கணக்கு' முடிந்ததும் முகவர் செட்டிநாடு திரும்ப, அடுத்தவர் வருவார். ஐரோப்பிய வங்கிகளை அணுக இயலாத சிறு வணிகர்க்கும் தோட்டக்காரர்க்கும் இக்கூடங்களே வங்கிகள். 1859இல் டேங்க் ரோட்டில் எழுந்த தண்டாயுதபாணி கோயில் அவர்களுடைய அறக்கொடையே.

'கோடவுன்' என்னும் ஆங்கிலச் சொல்லையும் மலாயின் 'கூடாங்' என்னும் சொல்லையும் தமிழ், தெலுங்கு மொழிகளின் கிடங்கு, கிட்டங்கி ஆகிய சொற்களோடு இணைத்துக் காண்போர் சொற்பிறப்பியலாருள் உளர். இத்தொடர்பு சிங்கப்பூருக்கு முற்பட்ட நெடிய கடல் வணிகத்தின் எச்சமாகும். ஆற்றங்கரையின் மிகப் பொதுவான கட்டடத்திற்கு வழங்கிய பெயரிலேயே வங்கக் கடலின் இருகரை உறவும் பொதிந்துள்ளது எனலாம்.

4. தொழிற்களமும் மாசும்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆற்றங்கரை செழிப்பும் சீர்கேடும் ஒருங்கே கொண்டிருந்தது. கீழ்ப்பகுதியில் அரிசி, ரப்பர், கொப்பரை, மிளகு ஆகியவற்றின் கிட்டங்கிகள் இருந்தன. மேற்பகுதியில் மர அறுவை ஆலைகளும் படகுகட்டும் தளங்களும் பொறியியல் பட்டறைகளும் அமைந்தன. ஆற்றின் நடுவே புலாவ் சைகோன் என்றொரு சிறு தீவும், அதில் ஆடுமாடு வெட்டும் கூடமும் இருந்தன. பின்னர் அத்தீவு கரையோடு இணைந்து மறைந்துபோயிற்று. 1869இல் திறக்கப்பட்ட கேவனா பாலம் தாழ்வாக அமைந்ததால், ஓதம் உயர்ந்த வேளைகளில் தோணிகள் அதன் அடியில் நுழைய இயலாமல் நீர் வற்றும்வரை காத்து நின்றன.

மக்கள்தொகை பெருகப் பெருக, கழிவுநீர் இணைப்பில்லாக் குடியிருப்புகளின் கழிவும், தெருவோர உணவுக் கடைகளின் எச்சமும், பன்றி, வாத்துப் பண்ணைகளின் சாணமும், தோணிகளின் எண்ணெயும் ஆற்றில் கலந்தன. நீர் கறுத்து நாறியது. மீன்கள் அற்றுப்போயின. இதே காலத்தில் ஆற்றின் பொருளாதார அடிப்படையும் தளர்ந்தது. 1972 ஜூன் மாதம் தஞ்சோங் பகாரில் சரக்குப்பெட்டகத் துறை செயற்படத் தொடங்கியது. கப்பலிலிருந்து பாரந்தூக்கியால் நேரே கரையிறங்கும் பெட்டகத்திற்குத் தோணியும் தேவையில்லை, ஆற்றோரக் கிட்டங்கியும் தேவையில்லை. தூய்மைத் திட்டம் தோணித் தொழிலை அழித்தது என்பது பாதி உண்மையே. நலிந்துகொண்டிருந்த தொழிலின் முடிவை அது விரைவுபடுத்தியது என்பதே பொருத்தம்.

5. பத்தாண்டுத் தூய்மைத் திட்டம்

1977 பிப்ரவரி 27 அன்று அப்பர் பியர்ஸ் நீர்த்தேக்கத் திறப்பு விழாவில் பேசிய பிரதமர் லீ குவான் யூ, பத்தாண்டுகளில் சிங்கப்பூர் ஆற்றிலும் காலாங் ஆற்றிலும் மீன்பிடிக்கும் நிலை வரவேண்டும் எனச் சுற்றுச்சூழல் அமைச்சுக்கு இலக்கு வகுத்தார். இரு ஆறுகளின் வடிநிலம் தீவின் நிலப்பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. எனவே கரையை மட்டும் சுத்தம் செய்து பயனில்லை. மாசு தோன்றும் இடத்திலேயே அதனைத் தடுக்க வேண்டும் எனத் திட்டமிட்டனர்.

அதன் விளைவாக ஏறத்தாழ 26,000 குடும்பங்கள் வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடி வீடுகளுக்கு மாற்றப்பட்டன. 2,800 சிறு தொழில்கள் தொழிற்பேட்டைகளுக்கும், ஏறத்தாழ 5,000 தெருவோர வணிகர்கள் உணவங்காடி நிலையங்களுக்கும் சென்றனர். 610 பன்றிப் பண்ணைகளும் 500 வாத்துப் பண்ணைகளும் மூடப்பட்டன. 1983இல் எண்ணூறு அளவிலான தோணிகள் பாசிர் பாஞ்சாங்கிற்கு அனுப்பப்பட்டன. பின்னர் ஆற்றடிச் சேறு வாரப்பட்டது. கரைகள் கட்டப்பட்டன. 1987இல் திட்டம் நிறைவெய்தியது. மறுகுடியேற்ற இழப்பீடு நீங்கலாகச் செலவு ஏறத்தாழ 17 கோடி வெள்ளி. 2008இல் மரினா அணைக்கட்டு கடல்வாயை அடைத்தபின் இவ்வாறு குடிநீர்த் தேக்கத்தின் பகுதியாயிற்று. ஓதத்தை நம்பிப் பிழைத்த ஆறு ஓதமே இல்லாததாக மாறியது.

சென்னையின் கூவத்தைச் சீரமைக்கும் விவாதங்களில் சிங்கப்பூர் ஆறு அடிக்கடி முன்மாதிரியாகக் காட்டப்படுவதால், இவ்வெற்றியின் காரணங்களைப் பகுத்துணர்தல் வேண்டும். 1966ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம் அரசுக்குப் பேரதிகாரம் அளித்தது. அதைவிட முதன்மையாக, மக்களை அகற்றுமுன் அவர்கள் குடியேறுவதற்குரிய வீடுகளும், கடைபோடுவதற்குரிய அங்காடிகளும் பெருமளவில் கட்டப்பட்டுக்கொண்டிருந்தன. சிறு தீவாதலால் புதிய வீட்டிலிருந்து பழைய வேலைக்குச் சென்று வருதல் இயன்றது. கூவக்கரை மக்களைப் பெரும்பாக்கம் போன்ற தொலைவிடங்களுக்கு அனுப்பும்போது அறுபடுவது இந்த வேலைத் தொடர்பே. ஆறு தூய்மையுற்றதை மட்டும் முன்மாதிரியாகக் கொண்டு, மறுகுடியேற்றத்தின் ஒழுங்கை விட்டுவிடுதல் பாதிப் பாடத்தைப் படிப்பதாகும். சிங்கப்பூரிலும் அனைவரும் மகிழ்ந்து வெளியேறினர் என்பதில்லை. பழகிய துறையையும் வாடிக்கையாளரையும் விட்டுப் பெயர்ந்த தோணிக்காரர்க்கு அது தொழில்வாழ்வின் முடிவாகவே அமைந்தது.

6. மறுசீரமைப்பின் இரு முறைகள்

தூய்மையுற்ற ஆற்றின் கரைகளை என் செய்வது என்னும் வினாவிற்கு நகர மறுசீரமைப்பு ஆணையம் இருவகை விடை கண்டது. 1989 ஜூலையில் போட் கீ, கிளார்க் கீ உள்ளிட்ட பகுதிகள் பாதுகாப்புப் பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. போட் கீயில் கடைவீடுகள் பலரின் உடைமைகளாதலால், வகுக்கப்பட்ட நெறிகளின்படி அவரவரே புதுப்பித்துக்கொள்ள விடப்பட்டன. கிளார்க் கீயில் ஐந்து தொகுதிகளாக அமைந்த அறுபதுக்கும் மேற்பட்ட கிட்டங்கிகளும் கடைவீடுகளும் ஒரே நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டு, 1993இல் கேளிக்கை வளாகமாகத் திறக்கப்பட்டன. 1994இல் வெளிவந்த வளர்ச்சி வழிகாட்டித் திட்டம் ராபர்ட்சன் கீயையும் சேர்த்து ஆற்றங்கரை முழுவதையும் மூன்று பகுதிகளாக வகுத்து, இருகரைகளிலும் தொடர்ச்சியான நடைபாதையை ஏற்படுத்தியது.

வழிகள் வேறாயினும் இருமுறைகளின் விளைவும் ஒன்றே. ஓட்டுக்கூரை, ஐந்தடி நடைபாதை, சாளரக் கதவு ஆகியன காக்கப்பட்டன. அவற்றுள் நிகழ்ந்த தொழில்களுள் எதுவும் எஞ்சவில்லை. வாடகைக் கட்டுப்பாடு நிலவிய காலத்தில் குறைந்த வாடகையே பழந்தொழில்களைத் தாங்கி நின்றது. 1970இல் நகர மையமான கோல்டன் ஷூ பகுதியில் அக்கட்டுப்பாடு முதன்முதலாக நீக்கப்பட்டது. நிலமதிப்பு உயர்ந்த இடத்தில் மூட்டை அடுக்குவோர் நிலைத்திருத்தல் அரிது. மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகள் பாதுகாப்புச் சட்டம் வரும்வரை காத்திருக்கவும் இல்லை. 1970களின் பிற்பகுதியிலேயே அவை கையகப்படுத்தப்பட்டு இடிக்கப்பட்டன. பத்தாண்டு பிந்தியிருப்பின் அவையும் பாதுகாப்புப் பட்டியலில் இடம்பெற்றிருக்கக்கூடும்.

7. எஞ்சியவையும் எஞ்சாதவையும்

இன்று ஆற்றையொட்டிய பகுதியில் தமிழர் தடங்களைத் தேடுவோர்க்குக் கிடைப்பவை யாவை? 1819இல் ராஃபிள்ஸோடு பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளையின் முயற்சியால் 1827இல் எழுந்த ஸ்ரீ மாரியம்மன் கோயில் சவுத் பிரிட்ஜ் சாலையில் உள்ளது. அதனருகே 1826இல் நிறுவப்பெற்ற ஜாமியா சூலியா பள்ளிவாசல் உள்ளது. தெலுக் ஆயர் தெருவில் நாகூர் தர்காவும், தொடக்கத்தில் குடிசையாக இருந்ததால் குச்சுப் பள்ளி என வழங்கிய அல் அப்ரார் பள்ளிவாசலும் உள்ளன. இந்நான்கும் 1973, 1974ஆம் ஆண்டுகளிலேயே தேசிய நினைவுச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டன.

இவ்வனைத்தும் வழிபாட்டிடங்கள் என்பது நோக்கத்தக்கது. இக்கோயிலையும் பள்ளிகளையும் கட்ட உதவிய பொருள் ஈட்டப்பட்ட இடங்களான தோணித்துறையும் கிட்டங்கியும் வண்டிப்பேட்டையும் மறைந்தன. இதனால் வருகையாளர் மனத்தில் தமிழர் என்போர் கோயிலும் பள்ளியும் கட்டிய பக்தர் என்னும் சித்திரமே பதிகின்றது. நகரின் பொருளாதாரத்தைத் தொடக்கத்திலேயே இயக்கிய தொழிலாளரும் வணிகரும் என்னும் சித்திரம் மங்கிவிடுகின்றது.

இக்குறையை உணர்ந்தே ஆற்றங்கரையில் வெண்கலச் சிலைகள் நிறுவப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்று செட்டியாரிலிருந்து இன்றைய நிதியாளர் வரையிலான மாற்றத்தைக் காட்டுவது. மற்றொன்று வணிகர் உரையாட, கூலியாட்கள் சுமையேற்றும் காட்சியைக் கொண்டது. இவை பாராட்டத்தக்க முயற்சிகளே. எனினும் செட்டியார் தம் சமூகப் பெயரால் தலைப்பில் இடம்பெற, உடலுழைப்பாளர் பெயரின்றி உருவமாக மட்டுமே நிற்கின்றனர். சூலியாத் தோணிக்காரரின் நினைவை இன்று ஏந்தி நிற்பது ஆற்றை நோக்கிச் செல்லும் சூலியா தெருவின் பெயர்ப்பலகையே. அதுவும் முன்பு கிளிங் தெரு என வழங்கி, அச்சொல்லை இழிவாகக் கருதிய இந்தியரின் வேண்டுகோளால் 1920களின் தொடக்கத்தில் பெயர்மாற்றம் பெற்றதாகும். ஒரு சமூகம் தானே கேட்டுப் பெற்ற பெயர் என்ற வகையில் அப்பலகைக்கு எந்தச் சிலைக்கும் இல்லாத வரலாற்று மதிப்பு உண்டு.

முடிவுரை

சிங்கப்பூர் ஆற்றின் தூய்மைப் பணி மக்கள் நலத்திற்கு இன்றியமையாதது. அதனை நிறைவேற்றிய நிருவாகத் திறன் போற்றுதற்குரியது. கட்டடங்களைக் காத்த முடிவும் அக்காலத்து ஆசிய நகரங்கள் பலவற்றுக்கு வழிகாட்டியாயிற்று. ஆயினும் கட்டடத்தைக் காத்தல் வேறு, உழைப்பின் வரலாற்றைக் காத்தல் வேறு. முன்னதற்குச் சட்டமும் ஆணையமும் போதும். பின்னதற்கு அச்சமூகத்தின் மொழியறிந்த ஆய்வாளர் வேண்டும்.

இவ்விடத்தில் தமிழியலுக்கு மூன்று கடமைகள் உள்ளன. முதலாவது, தொங்கான், கிட்டங்கி, பெட்டியடி, கணக்கு முதலாய துறைமுகத் தொழிற்சொற்களை, அவை வழங்கிய சூழலோடு தொகுத்தல். இரண்டாவது, பள்ளிவாசல், கோயில் அறக்கட்டளை ஆவணங்களிலும் குடும்பங்கள் பேணிவரும் கணக்கேடுகளிலும் உள்ள தொழிற்செய்திகளைப் படியெடுத்தல். மூன்றாவது, 1979இல் தொடங்கப்பெற்ற வாய்மொழி வரலாற்றுத் தொகுப்பில் உள்ள தமிழ் நேர்காணல்களை ஆற்றங்கரை வரலாற்று நோக்கில் மீள ஆராய்தல்.

தோணிக்காரர் தலைமுறை மறைந்து நெடுங்காலமாயிற்று. கிட்டங்கியில் இளைஞராய்ப் பெட்டியடியில் அமர்ந்திருந்தோர் மட்டும் முதிய வயதில் ஒரு சிலர் இருக்கின்றனர். மூன்று கடமைகளுள் அவர்களிடம் கேட்டுப் பதிய வேண்டியவற்றையே முதலில் தொடங்குதல் தகும். ஏடுகள் இன்னும் சிறிது காலம் காத்திருக்கும்.